புரிந்துகொள்ளாமல் வாசிப்பது எப்படி?

முதலில் மண்டைக்குள் இருக்கும் ஒரு மூடநம்பிக்கையை இறக்கி வை. தாளில் ‘வாசித்துப் புரிந்துகொள்ளுதல்’ என்று அச்சடித்திருக்கிறார்கள் என்பதற்காக, வாசிக்க வேண்டும், பிறகு புரிந்துகொள்ள வேண்டும் என்று நீயாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. இரண்டையும் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறு வருடம் சீனத்தின் அன்ஹுய் மாகாணத்து மாவோதான்சாங்கில் பார்க்கலாம். மறுபடி தேர்வெழுதுகிறவர்களுக்கென்றே பேர்போன பள்ளி அங்கே இருக்கிறது.

இந்த வழிகாட்டி, சீனத்தின் ஏதோ ஒரு ஊரில், உயர்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு வகுப்பில், மேசைமீது கோட்டைச் சுவராக அடுக்கிய புத்தகங்களுக்குப் பின்னால், ஆசிரியர் கண்ணில் படாமல் கொட்டாவி விடும் உனக்காக எழுதப்பட்டது. ஜூன் 8-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு பல்கலைக்கழக நுழைவுக்கான காவ்காவ் தேர்வின் ஆங்கிலத் தாள் உன் முன்னால் வந்து விழும். கேட்டல் பகுதி ஓடும்போது இரைச்சல் கூடாது என்று தேர்வு மையத்தின் பக்கம் வாகனங்கள் ஹாரன் அடிக்காது. கட்டட வேலை நிற்கும். சில நகரங்களில் விமானங்கள்கூட நேரம் மாற்றிப் பறக்கும். வாசிப்புப் பகுதிக்கு அப்படி எந்த மரியாதையும் கிடையாது. உன் தலைக்குள் இருக்கும் இரைச்சலை நீயேதான் அடக்க வேண்டும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். பல மாகாணங்களுக்கு வரும் புதிய தேசியத் தாளுக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, கோடிட்ட இடங்களுக்கு 30, எழுத்துக்கு 40. வாசிப்பின் 50-இல் நான்கு பத்திகள், 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். மிச்சம் பன்னிரண்டரை ‘ஏழில் ஐந்து’ என்னும் ஒட்டுவேலைக்கு. ஒரு மதிப்பெண் ஏறினால் ஆயிரம் பேரை வீழ்த்தலாம் என்று வகுப்பறைச் சுவரில் பேனர் தொங்குமே, அந்தக் கணக்குப்படி ஒரு வாசிப்புக் கேள்வி என்பது இரண்டாயிரத்து ஐந்நூறு பேர். 2024-இல் 1 கோடியே 34 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்குப் பதிவு செய்தார்கள். ஸ்காட்லாந்துத் தபால்காரர் ஒருவர் வேலியோரம் ஏன் நின்றார் என்ற கேள்வியில் நீ சறுக்கினால், ஒரு சின்ன ஊரே உன்னைத் தாண்டிப் போய்விடும். தபால்காரர் பிறகு வருகிறார்.

நான்கு பத்திகள், நான்கு குணங்கள்

ஏ பத்தியை யாரும் வாசிப்பதில்லை; பார்ப்பார்கள். அது ஓர் அறிவிப்பாகவோ அட்டவணையாகவோ துண்டுப்பிரசுரமாகவோ இருக்கும். அந்தப் புதிய தேசியத் தாளின் முதல் வகையில் 2023-இல் வந்தது ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகை. 2024-இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் இயற்கையை மீட்கும் பணிக்குத் தன்னார்வலர்கள் தேவை. 2022-இல் வந்தது இன்னும் விசேஷம்: எங்கோ ஓர் இலக்கிய வகுப்பில் மதிப்பெண் எப்படிப் போடப்படும் என்ற விதிமுறை. மதிப்பெண்ணுக்காக உயிரை விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, இன்னொரு பிள்ளைக்கு மதிப்பெண் எப்படிப் போடுவார்கள் தெரியுமா என்று விசாரிக்கிறார்கள். சிரிக்காதே, நேரம் ஓடுகிறது. கேள்வியில் உள்ள எண்ணையோ பெயரையோ பிடித்துக்கொள், அட்டவணையில் அதைத் தேடு, பக்கத்தில் இருப்பதைப் படி, எழுந்து வா. வாடகைச் சைக்கிளில் கால்வாயோரம் காற்று வாங்கிக்கொண்டு போனால் எப்படியிருக்கும் என்று அரை நிமிடம் கனவு கண்டாயானால், அந்த அரை நிமிடத்தை டி பத்தி வட்டியோடு வசூலித்துவிடும்.

பி பத்தியில் ஒரு மனிதர் வருவார். நல்லவர். அவருக்குச் சோதனை வரும், விடமாட்டார், ஜெயிப்பார். பிறகு அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பார்கள். கெட்டவர் என்று குறித்துவிட்டு நல்ல பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை நான் பார்த்ததில்லை. 2023-இல் வந்தவர் ஜான் டாட். சின்ன வயதில் வீட்டைச் சுற்றியுள்ள காட்டை அலசியவர், பின்னாளில் செடிகொடிகளையும் நுண்ணுயிர்களையும் கொண்டே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அமைப்புகளை உருவாக்கியவர். முதல் பாராவிலிருந்து அவரைப் பற்றி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். எதையும் துருவிப் பார்க்கும் மனம் உடையவர் என்பது விடை. விடைத்தாளில் நீ அதன் கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். அப்படியொரு மனம் உன்னிடமும் இருந்தால் தேர்வு முடியும்வரை பூட்டி வை. சாவியை அம்மாவிடம் கொடு.

சி, டி இரண்டும் ஆராய்ச்சிப் பத்திகள். ஒரு விஞ்ஞானி எதையோ கண்டுபிடித்திருப்பார், இன்னொருவர் அதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடியாது என்பார். ‘ஆனால்’ வரும்வரை மெதுவாக மேயலாம். ‘ஆனால்’ வந்ததும் நிமிர்ந்து உட்கார். கேள்வி அங்கேதான் கூடு கட்டியிருக்கும்.

பெரிய ஆபத்து எது?

சொல் தெரியாதது ஆபத்தே இல்லை. பாடத்திட்டம் உன்னிடம் எதிர்பார்ப்பது ஏறத்தாழ 3,000 சொற்கள்; அதைத் தாண்டிய சொல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீன எழுத்தில் பொருளைப் போட்டு உதவுவார்கள். அடிக்கோடிட்ட சொல்லுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை, அது கேள்வி. அக்கம்பக்கத்து வரியைப் பார்த்து யூகித்துக்கொள்ளலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், பத்தி சுவாரசியமாக இருந்துவிடுவதில். தாளைத் தயாரிப்பவர்கள் தேர்வு முடியும்வரை வெளியுலகத் தொடர்பில்லாமல் அடைத்து வைக்கப்படுகிறவர்கள். அந்த அடைப்பில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் தேர்ந்தெடுக்கும் பத்திகளைப் பார்த்தால் சில நேரம் எனக்குச் சந்தேகமே வருகிறது: இது விஷமமா, பரிவா?

2023-இன் சி பத்தி, கைபேசியையும் செயலிகளையும் அளவாக வைத்துக்கொண்டு வாழச் சொல்லும் ஒரு புத்தகத்தின் அறிமுகம். யாரிடம் கொடுத்தார்கள்? 2021-இல் கல்வி அமைச்சகம் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்று அறிவித்த நாட்டில், விடுதியில் அடைந்து, கைபேசியைக் கனவில் மட்டும் தடவிப் பார்க்கும் பிள்ளைகளிடம். அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதன் தீமையை அவர்கள் மிகுந்த மரியாதையோடு படித்து, கறுப்பாக்கினார்கள்.

அதே தாளின் டி பத்தி புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டனிலிருந்து தொடங்கியது. 1907 மார்ச் 7-ஆம் தேதி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு சந்தையில் மாட்டின் எடையை யூகிக்கச் சொன்ன போட்டியில் 787 பேரின் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். நடுவில் விழுந்த யூகம் 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198. தனி மனிதன் கோட்டை விட்டாலும் கூட்டம் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடுகிறது என்பது சங்கதி. சின்னக் குழுக்களாகக் கூடிப் பேசிவிட்டுச் சொன்னால் இன்னும் துல்லியமாக வருகிறது என்று அண்மைக்கால ஆய்வையும் பத்தி சேர்த்துக்கொண்டது. எட்டு மாகாணப் பிள்ளைகள், லட்சக்கணக்கில், ஒரே நிமிடத்தில் இதைப் படித்தார்கள், ஒருவரோடொருவர் பேசாமல். நீயும் பக்கத்து மேசைக்காரனை வைத்துப் பரிசோதிக்க ஆசைப்படாதே. 2015-இல் திருத்திய குற்றவியல் சட்டத்தின்படி, அரசுத் தேர்வில் முறைகேட்டுக்கு ஏற்பாடு செய்கிறவருக்கு ஏழாண்டு வரை சிறை. கால்டன் காலத்து மாடு அதற்குள் அடிமாடாகியிருக்கும்.

2024-இன் சி பத்தியை என்னால் மறக்க முடியவில்லை. திரையில் படிப்பதும் காகிதத்தில் படிப்பதும் ஒன்றா என்று கேட்டது அது. ஒன்றல்ல, திரையில் கண்டதை மனம் மேலோட்டமாகவே எடுத்துக்கொள்கிறது, ஆழ்ந்து படிக்கக் காகிதமே மேல் என்றது. நல்லது. அந்தப் பத்தியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, கேள்வியில் இருந்த சொல்லை மட்டும் தேடி நுனிப்புல் மேய்ந்து, ஏழு நிமிடத்தில் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர்! காகிதத்தில் படித்தும் ஆழம் தொடாமல் தப்பிக்க முடியும் என்ற இந்தச் சாதனை எந்த ஆய்விதழிலும் இன்னும் பதிவாகவில்லை.

2022 கொஞ்சம் சாதுவான வருடம். பி பத்தியில் ஒருவர் சாலட்டுக்கு வாங்கிய கீரையைச் சாப்பிட நேரமில்லாமல் அழுக விட்டுவிட்டு உணவு வீணாவதை எண்ணி வருந்தினார். டி பத்தி, விவசாயம் வந்து உணவு மிருதுவானதால் மனிதப் பல்வரிசை மாறி, கீழுதட்டை மேற்பல்லில் வைத்து உச்சரிக்கும் ஒலிகள் பிறந்தன என்றது. உணவக அரிசிக் கஞ்சியை நினைத்துக்கொண்டு தேர்வறையில் உதட்டைக் கடித்துப் பார்க்காதே. மேற்பார்வையாளருக்குச் சாடை காட்டுவதாகப் படும். நடுவில் சி பத்தியில், லண்டன் முதியோர் இல்லங்களில் தனிமையைப் போக்க முதியவர்களுக்குக் கோழி வளர்க்கக் கொடுத்தார்கள். அதிகாலையில் எழுந்து, இரவு பத்து மணி தாண்டி விடுதிக்குத் திரும்பி, மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்க்கும் உனக்கு, நமக்கும் ஒரு கோழி கொடுத்தால் தேவலை என்று தோன்றும். தோன்றிவிட்டுப் போகட்டும். 28-ஆம் கேள்விக்குப் போ.

ஆப்ஷன்களை எப்படி அணுகுவது?

பத்தியை மற. உனக்கு எதிரே இருப்பவர் அதை எழுதியவர் அல்ல, கேள்வியைத் தயாரித்தவர். படிக்க வேண்டியது அவர் மனதை. அதற்கு அண்ணன்மார் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்த சாத்திரம் ஒன்று உண்டு. மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு. மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு. தாறுமாறாக இருந்தால் சி. எதுவுமே தெரியவில்லை என்றாலும் சி. இதற்குமேல் பள்ளி ஆசிரியர்கள் கற்றுத்தரும், கொஞ்சம் கௌரவமான விதிகள் உள்ளன. ‘எப்போதும்’, ‘மட்டுமே’, ‘ஒருபோதும்’ என்று அடித்துப் பேசும் ஆப்ஷன் பொய். பத்தியில் வந்த சொற்களை அப்படியே திருப்பிக் கொடுக்கும் ஆப்ஷன் பொறி. சரியான விடை மாறுவேடத்தில்தான் வரும்: பத்தியில் ‘கையில் காசில்லை’ என்றிருந்தால் ஆப்ஷனில் ‘பொருளாதார நெருக்கடி’ என்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நிற்கும். எழுதியவரின் மனப்பான்மை என்ன என்று கேட்டால் ‘அக்கறையற்றது’ என்பதைத் தொடாதே. அக்கறையில்லாதவர் எதற்காக 300 சொற்கள் எழுதப்போகிறார்?

செய்முறையாகப் பார்க்க, மாதிரிக்கு ஒரு பத்தியை நானே கட்டியிருக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் ஒரு கடலோரக் கிராமம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினமும் காலையில் தம் பழைய வழியிலேயே நடக்கிறார். பையில் கடிதம் ஏதும் இல்லை. ஒரு வீட்டு வேலியருகே மட்டும் இரண்டு நிமிடம் நிற்கிறார். அந்த வீட்டு நாய் பன்னிரண்டு வருடம் அவரைக் குரைத்தே விரட்டியது. போன குளிர்காலத்தில் செத்துப்போயிற்று.

கேள்வி: அவர் வேலியருகே ஏன் நிற்கிறார்? ஏ: கால் வலி. பி: நாய் என்றாலே அவருக்கு எப்போதும் பயம். சி: கழிந்துபோன பணிக்காலத்தின் நினைவுகள் அவரைத் தடுத்து நிறுத்துகின்றன. டி: வேலியருகே இரண்டு நிமிடம் நிற்கிறார்.

இப்போது சாத்திரத்தைப் பிரயோகி. டி பத்தியின் சொற்களை அப்படியே வாந்தியெடுக்கிறது, பொறி, தள்ளு. பி-யில் ‘எப்போதும்’ இருக்கிறது, தள்ளு. நாய் செத்துவிட்டதே என்று யோசித்துத் தள்ள வேண்டியதில்லை, ‘எப்போதும்’ போதும். ஏ குட்டை, ஒரு விதி அதை எடு என்கிறது. சி நீளம், இன்னொரு விதி இதை எடு என்கிறது. இரண்டு விதிகள் மோதினால் ‘சந்தேகம் வந்தால் சி’ என்ற மூன்றாவது விதி நாட்டாமையாக வந்து தீர்ப்புச் சொல்லும். சி. இரண்டரை மதிப்பெண். தபால்காரர், நாய், கடல் ஒன்றும் உனக்குத் தெரியாது, தெரியாமலே தாண்டிவிட்டாய்.

உனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார். அவள் பத்தியைப் படித்துத் தொலைத்தாள். ‘பணிக்காலத்தின் நினைவுகள்’ என்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறாள். அப்படியில்லையே, அந்த நாய்தானே, அந்த ஒரு நாய்; விரட்டுவதற்கு யாரும் இல்லாத வீதியில் நடந்தால் நடந்த மாதிரியே இல்லை என்பதால் அவர் நிற்கிறார், ஒருவேளை இன்னொரு முறை குரைக்கட்டும் என்று நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றுகிறது. அது ஐந்தாவது விடை. தாளில் இருப்பவை நான்கு கட்டங்கள். பென்சிலைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நாலு நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். பத்தாயிரம் பேர் அவளைத் தாண்டிப் போகிறார்கள்.

உள்ளதைச் சொன்னால் அந்த நீள-குட்டைச் சாத்திரம் பலிப்பதில்லை. நான்கு ஆப்ஷன்களையும் ஒரே நீளத்துக்கு வெட்டித் தைப்பது, விடைகளை ஏ, பி, சி, டி என்று பரவலாகத் தூவுவது எல்லாம் கேள்வி தயாரிப்பவர்கள் கற்ற தொழிலின் பாலபாடம். அண்ணன்மாரின் சாத்திரத்தை அவர்களும் கேட்டிருப்பார்கள். இருந்தும் அதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் மனிதனுக்குக் கொள்கை என்று ஏதாவது ஒன்று வேண்டும்.

எழுதியவரிடமே போய்க் கேட்டால் என்ன என்று உனக்குத் தோன்றலாம். அந்தப் பக்கமே போகாதே. 2017-இல் ஜெஜியாங் மாகாணத்தின் சீன மொழித் தாளில் ஒரு சிறுகதை வந்தது. வறுமையான வீட்டில் மீன் சமைக்கும் கதை. கடைசி வரியில் அந்த மீனின் கண்ணில் ஒரு விசித்திரமான ஒளி மினுங்கும். அந்த ஒளிக்கு என்ன பொருள் என்று மாகாணமே மண்டையை உடைத்துக்கொண்டது. கோபம் தாங்காத பிள்ளைகள் கதாசிரியர் கோங் காவ்ஃபெங்கைச் சமூக ஊடகத்தில் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். தமக்கும் விடை தெரியவில்லை என்றார் அவர். ஆங்கிலத் தாளில் அந்தத் தொல்லை இல்லை. எழுதியவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள்; தங்கள் கட்டுரை சுருக்கப்பட்டு, கோடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாதப் பொருளானது அவர்களில் பலருக்குத் தெரியவே வராது.

மற்றவற்றைச் சுருக்கமாக

‘ஏழில் ஐந்து’: பத்தியில் ஐந்து ஓட்டை, வெளியே ஏழு வாக்கியங்கள். ‘இது’, ‘அவர்கள்’, ‘இருந்தாலும்’ என்று வால் நீட்டிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பிடித்து, அதன் தலை எந்த ஓட்டைக்கு முன்னால் கிடக்கிறது என்று பார். மிஞ்சும் இரண்டைப் பற்றி இரக்கப்படாதே.

கோடிட்ட இடம் நிரப்புவதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் இந்த உத்தியை அறிமுகம் செய்தது, ஓர் எழுத்து வாசகருக்குப் புரியும்படி இருக்கிறதா என்று அளக்க. சொற்களை இடையிடையே எடுத்துவிடுவது, வாசகரால் நிரப்ப முடியாவிட்டால் எழுத்தில் கோளாறு என்று வைத்துக்கொள்வது. கருவி கைமாறிக் கைமாறி உன்னிடம் வந்து சேர்ந்தபோது, நிரப்ப முடியாவிட்டால் கோளாறு உன்னிடம் என்று ஆகிவிட்டது. கோடிட்ட இடங்களுக்கான 30-இல் இந்த வகைக்கு 15 இடம், 15 மதிப்பெண். டெய்லரை மனதுக்குள் திட்டிவிட்டு நிரப்பு.

எழுத்துப் பகுதியில் நீ இல்லை. லி ஹுவா என்பவன் இருக்கிறான். வருடக்கணக்காகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாமல், வெளிநாட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பவன். தேநீர் விழாவுக்கு அழைப்பான், காகித வெட்டுக் கலைக்கு அழைப்பான், வர முடியாததற்கு மன்னிப்பும் கேட்பான். அவனுக்காக நீ எழுதிக் கொடு. அடுத்து, பாதியில் நிற்கும் கதையை முடித்து வைக்க வேண்டும்; 25 மதிப்பெண். யாரையும் சாக விடாதே. கடைசிப் பாராவில் கண்ணீர், அணைப்பு, முகத்தில் விழும் சூரிய ஒளி மூன்றும் இருக்கட்டும். தபால்காரர் கதை வந்தால் அந்த வீட்டுக்காரர் ஒரு நாய்க்குட்டியோடு கதவைத் திறக்கட்டும்.

கையெழுத்து? ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் பள்ளி வழியாகப் பரவிய உருண்டை எழுத்தைப் பழகு. எல்லாப் பிள்ளையின் ஆங்கிலமும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். திருத்துகிறவர் கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தப் பள்ளியில் காலை ஓட்டத்துக்கு வரிசை நிற்கும் இடைவெளியில்கூடக் கையில் குறிப்பை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார்கள். நீ வரிசையில் நிற்கும்போது வானத்தைப் பார்க்கிறவன் என்றால் உனக்கு இரண்டரை மதிப்பெண் அப்போதே போயிற்று.

பயிற்சிக்கு ‘ஐந்து-மூன்று’ இருக்கிறது: ஐந்து வருடக் காவ்காவ் தாள்கள், மூன்று வருட மாதிரித் தாள்கள் என்று சொல்லும் அந்தத் தலையணைப் புத்தகம். கோனார் உரையோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடைப் பகுதியைக் கிழித்து ஆசிரியர் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வார் என்பது மட்டும் கூடுதல் செய்தி. சொற்பட்டியல் புத்தகத்தைப் பொறுத்தவரை, எந்த வீட்டில் எடுத்துப் பார்த்தாலும் முதல் நான்கு பக்கம் விரல்பட்டுக் கறுத்திருக்கும், மற்றவை கடையில் இருந்த வெண்மையோடு இருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ‘ஏ’ எழுத்திலிருந்து புதிதாகத் தொடங்கும் சபதங்களே காரணம். என் யோசனை: கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கு. தோற்றாலும் புதுச் சொற்களோடு தோற்கலாம்.

டியூஷன் வைக்கலாமா என்று உன் அம்மா கேட்பார். 2021 ஜூலையில் அரசு தனியார் டியூஷனின் கழுத்தில் கை வைத்த பிறகு அது முன்போல எளிதல்ல. அந்தத் தொழிலின் பெரிய பெயர் யு மின்ஹோங். காவ்காவில் இரண்டு முறை தோற்றவர். முதல் முறை ஆங்கிலத்தில் 33, இரண்டாம் முறை 55, மூன்றாம் முறையில் 1980-இல் பீக்கிங் பல்கலைக்கழகம், 1993-இல் சொந்தமாகப் பயிற்சி நிறுவனம். அரசின் அடிக்குப் பிறகு அவருடைய ஆசிரியர்கள் நேரலையில் பொருள் விற்க இறங்கினார்கள். 2022 ஜூனில் டோங் யுஹுய் என்ற முன்னாள் ஆங்கில ஆசிரியர் அரிசியும் மாட்டிறைச்சியும் விற்றுக்கொண்டே, வெள்ளைப் பலகையில் ஆங்கிலச் சொற்களை எழுதி விளக்கி, இடையிடையே தம் கிராமத்தையும் வாழ்க்கையையும் பற்றிப் பேசினார். நாடு திரண்டு வந்து கேட்டது, அரிசி தீர்ந்துபோயிற்று. ஆப்ஷன் ஏதும் தராமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் மக்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்பது அங்கே தெரியவந்தது. தேர்வுக்கு உதவாத தகவல், குறித்துக்கொள்ளாதே.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடு. 2025 தேர்வு நாட்களில், தாளைப் படமெடுத்துக் கேட்டால் விடை சொல்லும் வசதியைச் சீனத்தின் பெரிய செயலிகள் தாமாகவே முடக்கி வைத்தன. சாதாரண நாட்களில் அவற்றிடம் நம் தபால்காரர் பத்தியைக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் சி என்று சொல்லிவிடும். புரிந்துகொள்ளாமல் வாசிப்பதில் உனக்கு இனி பலமான போட்டி.

5 மணிக்கு மணி அடித்ததும் பேனாவைக் கீழே வை. வாசலில் சிவப்பு நிற ‘சீப்பாவோ’ அங்கி உடுத்திச் சூரியகாந்திப் பூவோடு அம்மா நிற்பார். எப்படி எழுதினாய் என்று அவரும் கேட்க மாட்டார், நீயும் சொல்லாதே. பின்னால் வரும் அந்தப் பெண்ணிடம் தபால்காரர் கேள்விக்கு என்ன போட்டாய் என்று கேட்டுவிடாதே. சொல்ல ஆரம்பித்தால் ராத்திரி ஆகிவிடும்.

தாள்களைக் கிழித்து மாடியிலிருந்து பறக்கவிடும் வழக்கம் உன் பள்ளியிலும் இருக்கும். நிர்வாகம் தடுக்கும், பிள்ளைகள் பறக்கவிடுவார்கள். மற்றதையெல்லாம் பறக்கவிடு, சொற்பட்டியலை மட்டும் பெட்டியில் போடு. பல்கலைக்கழகத்தில் 1987 முதல் நடந்துவரும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு உனக்காகக் காத்திருக்கிறது. 710-க்கு 425 வாங்க வேண்டும். அதிலும் வாசிப்புப் பத்திகள் உண்டு, சிலவற்றின் கீழ் ஏ, பி, சி, டி உண்டு. மூன்று நீளம் ஒன்று குட்டை விதி அங்கேயும் இதே அளவுக்குப் பலிக்கும்.